உன் பேரில் சார்ஜ் ஏறிய கார்

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வராது என்று உனக்குத்தான் தெரியுமே. மூத்த பேத்தி நர்ஸ் படிப்பை முடித்து வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அடுத்தவள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. கடைக்குட்டி சதுரங்கம் ஆடி இரண்டு கோப்பை வாங்கிவிட்டான், வைக்க அலமாரியில் இடமில்லை. ஆல்வின், என் மகனுடைய பையன், திருச்சியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. திங்கள், புதன், வெள்ளி அங்கே போவான், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. இப்போது கரண்டில் ஓடுகிற கார் வாங்கியிருக்கிறான். ஆவூர் பக்கம் இந்தக் காரைப் பார்த்துத் திரும்பாத தலை இல்லை.

நீ இருந்திருந்தால் கீரையை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "ம், அப்புறம்?" என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு வார்த்தையில் என் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தித் தலையில் குட்டிவிடுவாய். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை. எல்லோரும் "அப்படியா, அப்படியா" என்கிறார்கள். அதில் ஒரு ருசியும் இல்லையடி.

இதை எழுத உட்கார்ந்தது ஒரு வாடையால். காருக்குக் கரண்டு ஏற்றுகிற பெட்டியை வாசல் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து தொங்குகிற தடித்த வயரில் வெயில் பட்டதும் புது ரப்பர் வாடை அடிக்கிறது. நம் பங்குக் கிணற்று மோட்டார் கொட்டகைக்குக் கம்பி வந்த அன்று உன் சேலையில் அடித்தது இதே வாடைதான். வயர் சுருளை வேறு யாரும் தொடக்கூடாது என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, பிள்ளை பெற்றவள் மாதிரி.

அந்தக் கனெக்‌ஷன் உன் பேரில் வந்த கதையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டார் கரண்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருசக்கணக்காகக் காத்துக் கிடந்தோம். என் வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பது தன் மீசைக்கு இழுக்கு என்று இருந்துவிட்டார். உன் வீட்டுக்காரர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார். நீதான் கைக்குழந்தை செசிலியை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்தூர் கரண்டு ஆபீஸுக்கும் இங்கேயும் நடந்தாய். கட்டைவிரலில் மை தடவ வந்தவனைப் பார்த்து, "நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, பேனாவக் குடுய்யா" என்றாயாம். ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்த படிப்புக்கு நான் சந்தோசப்பட்ட நாள் அது. கரண்டு கார்டில் உன் பேர் விழுந்தது. நம் ஆம்பளைகள் ஒருத்தர் பேரும் விழவில்லை.

விவசாயக் கரண்டு என்றால் இலவசம். இலவசமாக வருவதால்தான் அதில் ஒரு பல்பு கூட வேறு காரியத்துக்கு எரியக்கூடாது, பிடித்தால் கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவார்கள். என் மகன் கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கின புதுநன்மை அன்று காலையில் வீட்டில் கரண்டு போய்விட்டது. பந்தியில் உட்காரப் போகிறவர்கள் கோயிலில் இருக்கிறார்கள், உளுந்து ஊறிக் கிடக்கிறது. மோட்டார் கொட்டகையில் மூணு பேஸ் கரண்டும் இருந்தது. நான் கிரைண்டரை ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ கதவுக்குக் குறுக்கே நின்றாய்.

"அங்கிட்டே எறக்கு."

"ஒரு அரை மணி நேரம்டி. யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்ல."

"பூசை முடிஞ்சு சனம் வந்துரும்டி!"

"வந்தா சோத்தப் போடு. இட்லி இல்லைன்னு எவனும் சாக மாட்டான்."

மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை. நாலாவது நாள் உன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, என் வாழைக்கும் சேர்த்து மடையைத் திறந்து விட்டிருந்தாய். அதற்கு மேல் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சரி, காருக்கு வருகிறேன்.

கார் வந்த பிறகுதான் அதற்குத் தீனி போடப் பெட்டி வாங்க வேண்டும் என்பது தெரிந்தது. ஆல்வின் போனிலேயே பத்து நாள் பெட்டி பார்த்தான். அவன் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட இத்தனை நாள் ஆகவில்லை. கடைசியில் திருச்சிக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். கழுத்தில் பட்டை, அதில் அவன் படமே தொங்குகிறது, தான் யார் என்று மறந்துபோனால் பார்த்துக்கொள்ள.

"பாட்டி, இது ஸ்மார்ட் சார்ஜர். போன்லயே ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம். எத்தனை மணிக்கு ஏறணும்னு சொல்லி வச்சிட்டாப் போதும், அது தானா ஏத்திக்கும்."

"எங்க மோட்டாரும் கரண்டு வந்தா தானாத்தான் ஓடுது. அதுக்கு யாரும் ஸ்மார்ட்டுன்னு பேரு வைக்கல."

"இதுல லைட் கலர் மாறும் பாட்டி. பச்சை, நீலம், ஆரஞ்சு."

"சவேரியார் தேரு கூட அப்படித்தான் வருது. கரண்டு ஏறுமா, அதச் சொல்லு."

"உங்க குரலுக்குக் கூட இது கட்டுப்படும் பாட்டி."

"என் குரலுக்கு என் மகனே கட்டுப்பட மாட்டான்."

ஆல்வின் நெளிந்தான். "அப்பத்தா, நீ உள்ள போயி காப்பி போடேன்" என்றான். போட்டேன். அந்தப் பையனுக்குச் சர்க்கரை போடவில்லை.

இருக்கிறதிலேயே பெரிதாக, பகட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினார்கள். முதல் நாள் காரில் சொருகிவிட்டு உள்ளே மருமகள் மிக்ஸியைப் போட்டாள். டப்பென்று வீடு முழுக்க அணைந்துவிட்டது. எங்கள் வீட்டு மீட்டர் உனக்குத் தெரியும், டிவியும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினாலே முனகும். இந்தப் பெட்டி இழுக்கிற இழுப்புக்கு, வீட்டுக்கு அனுமதித்த கரண்டு அளவை, அதுதான் லோடு, ஏற்றிக் கேட்டு கரண்டு ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வந்து பார்க்க வேண்டும். இதை வாங்கும் முன்பு யாரும் யோசிக்கவில்லை. மூன்று கலரில் விளக்கு எரியும் என்பதை மட்டும் எல்லோரும் யோசித்தார்கள். படித்த கூட்டம்.

மறுவாரம் பார்த்தால் கார் ஜம்மென்று சார்ஜ் ஏறிப் போய் வருகிறது. லோடு கிடைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாலு பேரிடம் பெருமை பேசிவிட்டுத்தான் வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் செசிலி மோட்டார் சரியில்லை என்று அலைந்துகொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து அவள்தான் உங்கள் பங்கு நிலத்தைப் பார்க்கிறாள். மிளகாய் நட்டிருக்கிறாள், வேர் பிடிக்கிற பருவம். கிணற்று முறை நீ வைத்தபடியேதான் நடக்கிறது. எங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. உங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு மோட்டாருக்கும் ஓய்வு. எங்கள் முறையில் தண்ணீர் குதித்து வருகிறது. அவள் முறையில் மோட்டார் உறுமுகிறது, நூல் மாதிரி ஒழுகுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றே போகிறது. வயர்மேன் இரண்டு தரம் வந்து மோட்டாருக்குள் கம்பிச் சுருள் நன்றாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானே போனேன். மிளகாய்க் கன்று பாதிக்கு மேல் தலை தொங்கிக் கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வேலியில் சாத்தியிருந்த தென்னை மட்டைகளுக்குக் கீழே புதுசாக ஒரு கறுப்பு வயர் ஓடியது. பிடித்துக்கொண்டே நடந்தேன். அது எங்கள் வீட்டு வாசல் சுவரில் போய் முடிந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆல்வின் செவ்வாயும் வியாழனும் வீட்டில் இருக்கிற நாள். கார் நின்றுகொண்டு மோட்டாரின் கரண்டை இழுக்கிற நாள். செசிலியின் முறை நாள்.

திரும்பி வந்து அவளைக் கேட்டேன். "ஏத்தா, இந்த வயரப் பாத்தியா நீ?"

அவள் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்தேன் பெரியம்மா."

"எப்ப?"

"இழுத்த அன்னைக்கே."

"பெறகு ஏன்டி வாயத் தெறக்கல? வயர்மேன வேற வரச் சொன்ன!"

"வயர்மேன் பாத்துட்டு அவரே சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரும் பாத்தாரு, சொல்லல." மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள், "ஆல்வின் தம்பிதான் எம் மகனுக்கு அவுக கம்பெனியில வேலைக்குச் சொல்றேன்னுச்சு பெரியம்மா. நான் எப்புடி…"

அடி, கேட்டாயா. உன் வயிற்றில் பிறந்தவள், கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே நின்றவளின் மகள், எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பயந்து தன் பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைப் பயப்படும்படி வைத்தது என் பெருமைப் பேச்சு. கேட்கிற ஒவ்வொருத்தியிடமும் என் பேரன் நினைத்தால் வேலை வாங்கிக் கொடுத்துவிடுவான் என்று அளந்தவள் நான்தானே.

ஆல்வின் மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான்.

"மோட்டார் கொட்டாயிலருந்து யாருடா கம்பி இழுத்தது?"

"டெம்பரவரிதான் அப்பத்தா. கடைக்காரப் பையன்தான் ஐடியா குடுத்தான். லோடு கெடைக்கிற வரைக்கும்."

"பிடிச்சா கனெக்‌ஷனப் பிடுங்கிருவான். யாரு பேர்ல இருக்கு தெரியுமா?"

"அந்த ஆத்தா பேர்லதான இருக்கு? செத்துப் போனவங்களயா வந்து பிடிக்கப் போறாங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கெட்ட பிள்ளை இல்லை, யோசிக்காத பிள்ளை. ஆனால் அத்தனை படிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தவிடாகத் தெரிந்தது. அவனோடு அதற்கு மேல் பேசவில்லை. வயர்மேனை வரச் சொல்லி, என் கண் முன்னால் கம்பியைக் கழற்ற வைத்தேன். பார்த்தும் சொல்லாத வாய்க்காக அவனுக்கும் இரண்டு வார்த்தை கொடுத்தேன். பிறகு கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் செசிலியிடம் கொடுத்தேன். எங்கள் முறைக்கும் இனி அவள்தான் திறந்து விடவேண்டும்.

கடைக்காரப் பையனை மறுபடியும் வரவழைத்தேன். இந்தத் தரம் தேர்ந்தெடுத்தது நான். திண்டாடிப் போனான்.

"போன் இல்லாட்டி இது ஏறுமா?"

"ஆப் இருந்தாத்தான் பாட்டி…"

"அப்ப எடு அங்கிட்டு. கரண்டு நின்னு வந்தா தானா எந்திரிக்குமா?"

"இது எந்திரிக்கும்."

"வீட்டுல மிக்ஸி ஓடுனா இது என்ன செய்யும்?"

அதற்குத்தான் அவன் வேறு ஒரு பெட்டியை எடுத்தான். விளக்கு ஒன்றே ஒன்று, பார்க்கத் தகர டப்பா மாதிரி. மீட்டர் பக்கத்தில் சின்னதாக ஒன்றை மாட்டினால், வீட்டில் மற்றது ஓடும்போது இது தன் இழுப்பைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். மற்றது நின்றதும் ஏற்றிக்கொள்ளுமாம். அடுத்தவருக்கு வேண்டியதை விட்டுவிட்டு எடுக்கிற பெட்டி.

"இத ஏன்டா மொதல்ல காட்டல?"

"இத யாரும் கேக்க மாட்டாங்க பாட்டி."

கேட்க மாட்டார்கள்தான். மூன்று கலரைக் கேட்பார்கள். இந்தத் தகர டப்பாவைத்தான் மாட்டியிருக்கிறது, எங்கள் வீட்டு மீட்டரில், லோடு ஏற்றி வாங்கி. அது வரும்வரை ஆல்வின் பஸ்ஸில் போனான். சில நாள் கம்ப்யூட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு, சில நாள் நின்றுகொண்டு போனான்.

செசிலியின் மிளகாயில் பாதி பிழைத்தது. மீதிக்கு மறுநடவு வைத்திருக்கிறாள். அவள் மகன் வேலையைப் பற்றி ஆல்வினிடம் நேராகச் சொல்லிவிட்டேன்: முடிந்தால் செய், முடியாவிட்டால் இன்றைக்கே முடியாது என்று சொல், இழுத்துப் பிடித்து வைக்காதே.

கார்டைச் செசிலி பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டோம். கிணற்றுப் பங்குக்காரியாக நானும் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன், எழுத்து ஆடாமல். செத்தவள் பேரில் இருக்கிறவரைதான் ஆளுக்கு ஆள் கம்பி இழுப்பார்கள். ஆனால் ஒன்று, புதுக் கார்டு வந்தால் பழையதில் உன் பேரை அடித்துவிடுவார்கள். நீ பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்ட பேர். மற்றவர்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அதைத் தாங்க நாளாகும். அதுவரை அந்தப் பேரை நான் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பக் குரூப்பில் பிள்ளைகளின் படம் எல்லாம் போனில் வரும், காரும் கோப்பையுமாக. செசிலியையும் அதில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். நேற்று ஆல்வின் போகிற போக்கில் அவளை ஒரு படம் எடுத்துப் போட்டான். தலை குனிந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யார் வீட்டுக்கோ கூலிக்கு வந்தவள் மாதிரி நிற்கிறாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. இன்றைக்குக் காலையில் அவனிடம் சொன்னேன்: "அது வேணாம்டா. அவ முறை அன்னைக்குப் போயி, மோட்டார் போடுறப்ப, நிமிந்து நிக்கச் சொல்லி எடு. புதுசா எடுத்துப் போடு."