வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

கோவில்பட்டி,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவரின் உடம்பும் வயதுக்கு ஏற்ற ஒழுங்கில் இருக்கிறது. மனதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீயும் மாப்பிள்ளையும் ஐஸ்வர்யாவும் அங்கே குளிருக்குத் தப்பி நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், ஆகவே எழுதி, பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவின் கை நடுக்கம் மாத்திரையால் சற்று மட்டுப்பட்டிருக்கிறது. மழை இன்னும் இறங்கவில்லை. சித்தப்பா கரிசலில் உளுந்தைப் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானிலை அறிக்கையோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் நம் பங்குக் கோவிலில் ஒரு கூத்து. உனக்கு வந்திருக்கும் பதவியைப் பற்றி நல்ல முடிவெடுக்கத் தெளிவு வேண்டும் என்று, பூசையில் வேண்டிக்கொள்ளும்படி ஒரு கருத்து எழுதிக் கொடுத்திருந்தேன். உபதேசியார் சூசைமிக்கேல் அதை, அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் துணைத்தலைவராகிவிட்ட ஜெயப்பிரியாவுக்காக நன்றிப் பூசை என்று வாசித்துவிட்டார். கேட்டால், "கெடச்ச மாதிரிதான டீச்சர், மன்றாட்டுன்னா சனங்க ஏதோ சீக்குன்னு நெனைப்பாவ" என்கிறார். மறுநாள் கோவில் வாசலில் பிளக்ஸ், அதில் நீ கொடைக்கானலில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த படம். கழற்றச் சொன்னேன். அப்பாவோ, "ஏட்டி, இருந்துட்டுப் போவட்டும், புள்ள நல்லாத்தான இருக்கா" என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இந்த ஊர்ப் பெருமைக்காக நீ அந்தப் பதவியை ஏற்க வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதவிக்கு நிபந்தனையாக வெள்ளிக்கிழமை நீ கையெழுத்திட வேண்டிய அறிக்கையை மூன்று தடவை படித்தேன். கரு உருவான முதல் நொடியிலிருந்தே மனித உயிர், அதை அழித்துப் பெறும் ஸ்டெம் செல் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகம் அனுமதிக்காது, நீயும் அதை உளமார ஏற்கிறாய் என்கிறது. திருச்சபையின் போதனையை நான் கேலி செய்யவில்லை. கருவியல் நடத்திய காலத்தில் மாணவிகள் கோழி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நேரத்திலிருந்து மேடம் இது குஞ்சு என்பார்கள். அதற்குப் பதில் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தொடக்கத்திலிருந்தே என்பவர்கள் தங்கள் வசதிக்காக எல்லைக்கோட்டை நகர்த்துவதில்லை, அந்த அளவில் எனக்கு மதிப்புண்டு. அந்த ஆராய்ச்சியில் அப்பாவின் நோய்க்கு வழி பிறக்கலாம் என்பவர்களையும் மதிக்கிறேன். தினமும் அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடுகிறவள் நான். எனக்கு உறக்கம் கெட்டது இந்த வாதத்தால் அல்ல. ஐஸ்வர்யாவைப் பெற நீ சோதனைக்குழாய்ச் சிகிச்சை எடுத்தபோது மிஞ்சிய இரண்டு கருக்கள் இன்னும் அந்த மருத்துவமனையின் உறைபெட்டியில் இருக்கின்றன. அவை யார் என்று உன் கையெழுத்து சொல்லப்போகிறது. அதற்கு அடுத்த வாரம், கரு செல்களில் வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கும் உன் சக ஆய்வாளருக்கு அதே கையால் மறுப்பு எழுதுவாய்.

பொறுக்க முடியாமல் பங்குத்தந்தையிடம், யாருக்கென்று சொல்லாமல், இப்படி உறைய வைத்தவற்றை என்ன செய்வது என்று கேட்டேன். நல்ல மனிதர், மழுப்பவில்லை. "அதுக்கு எங்ககிட்டயும் பதில் இல்லம்மா. அழிங்கன்னும் சொல்ல முடியாது, ஆராய்ச்சிக்குக் குடுங்கன்னும் சொல்ல முடியாது. செஞ்சிருக்கவே கூடாதுன்னுதான் சொல்ல முடியுது" என்றார். அப்படிப் பிறந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் அதைச் சொல்வீர்களா என்றேன். "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே போனால்தான் எதையும் மாற்ற முடியும் என்று நீ எழுதியிருந்தாய். நான் முப்பது ஆண்டு வேலை பார்த்த கல்லூரியில் உள்ளே போன அத்தனை பேரும் இதையே சொல்லித்தான் போனார்கள். இரண்டாம் ஆண்டில் கார் நிறுத்த நல்ல இடம் கேட்டார்கள். நீ நம்பினால் கையெழுத்திடு, நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். நம்பாவிட்டால் வேண்டாம் என்று எழுது, உன் ஆய்வகம் போதும். எதுவும் தெரியவில்லை என்றால், எனக்கு அப்படித்தான் படுகிறது, வெள்ளிக்கு முன் உங்கள் பல்கலைக்கழகத் தலைவரான அந்தப் பாதிரிச் சாமியாரிடம் நேரில் போய் அந்த இரண்டைப் பற்றிச் சொல். கேட்டபிறகும் நீதான் வேண்டும் என்று அவர் சொன்னால் அது வேறு பேச்சு. அதை மறைத்துப் பதவியில் அமர்ந்தாயானால், எவனாவது ஒருநாள் தோண்டி எடுப்பான். அன்று பல்கலைக்கழகத்தில் பேசப்படுவது உன் பெயராக இருக்காது, ஐஸ்வர்யா பிறந்த விதமாக இருக்கும். பத்து வயதுப் பிள்ளை அதைப் பிறர் வாயால் கேட்கக் கூடாது. மாப்பிள்ளைக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஐஸ்வர்யா நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை இடு. உனக்கு இங்கிருந்தே நான் இட்டுவிட்டேன், தேவன் உனக்கு நல்ல புத்தியும் அதற்கேற்ற துணிவும் தரட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபிக்குப் பிறகு அல்ல. அந்தச் சாமியாரிடம் சொன்னபின் என்னைக் கூப்பிடு. சொல்லாமல் கூப்பிட்டால் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

உன் அம்மா,
ஞானசெல்வம்