குளிர்காலத்தில் திறந்திருந்த அறை

தோங்ரி, ஜன்ஸ்கார்
9 ஜூன் 2008

தங்கை யாங்டோலுக்கு,

ஜூலே, வணக்கம். பனி உருகிக் கார்கில் பாதை திறந்துவிட்டது. முதல் வண்டியிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா நலம். டெல்லி வெயிலில் கருத்துப்போயிருப்பாய் என்று தினமும் புலம்புகிறாள்.

போன கோடையில் நான் கட்டி முடித்த பிரசவ அறை நினைவிருக்கிறதா? ஊரின் முதல் சிமெண்ட் கட்டடம். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. உள்ளே வைத்த தண்ணீர் வாளியோடு உறைந்துவிட்டது. நர்ஸ் பல்மோ மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தாள். இரண்டு பெண்கள் அடுப்புப் புகைக்குள்ளேயே பெற்றார்கள். பார்லிக் கள், நம் சாங், குடிக்கப் போய் உட்கார்ந்தால் நவாங் கேட்கிறான்: "ஏம்ப்பா அங்சுக், உன் ஐஸ்பெட்டியில எங்க வீட்டு யாக் கறியைக் கொஞ்சம் வெச்சுக்கலாமா?"

இன்னொன்று. உன் அண்ணி குன்சங் உண்டாகியிருக்கிறாள். ஜனவரியில் பிள்ளை. பாதை மூடியிருக்கும். கட்டடக்கலை படிக்கிறவள் நீ சொல், பெரிய அடுப்பாக ஒன்று வாங்கிப் போடட்டுமா?

அண்ணன்
ரிக்சின் அங்சுக்


டெல்லி
24 ஜூன் 2008

அன்புள்ள அச்சோ, என் அண்ணா,

அண்ணி செய்தியைப் படித்துவிட்டு விடுதி முழுக்க உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கொடுத்தேன். எனக்கு வைத்திருந்ததெல்லாம் தீர்ந்தது, அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

அடுப்பு வேண்டாம். அதற்கு விறகு எங்கே இருக்கிறது நம்மூரில்? இந்த வருடம் எங்களுக்குப் பாடமே இதுதான்: எரிக்காமல் எப்படிச் சூடேற்றுவது, பக்கத்தில் கிடைப்பதை வைத்து எப்படிக் கட்டுவது. உன் அறையையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்றார்கள் கூடப் படிப்பவர்கள். மாட்டேன் என்றேன். அந்தச் சிமெண்ட் கணவாய் ஏறி வந்த பாடு அவர்களுக்கு என்ன தெரியும்?

தெற்குச் சுவருக்கு வெளியே கறுப்பு பூசி, ஒரு முழம் தள்ளிக் கண்ணாடி போடு. நடுவில் சுடுகிற காற்று உள்ளே வரச் சுவரின் மேலும் கீழும் துளை. இரவில் மூடிவிட வேண்டும். வடக்கிலும் மேற்கிலும் வெளிப்புறமாகச் சுடாத மண் பச்சைக்கல் சுவர் ஒன்று எழுப்பி, இடுக்கில் வைக்கோல் அடை. உள்ளே பலகைத் தரை. நீ கட்டிய சுவர்தான் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் கொடுக்கப் போகிறது.

ஜன்னலை முதலில் நாற்காலி உயரத்தில் வரைந்திருந்தேன். நம் பெண்கள் தரையில் அல்லவா இருப்பார்கள் என்று பிறகுதான் உறைத்தது. வகுப்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அளந்தேன். "என்ன யாங்டோல், தியானமா?" என்று சிரித்தார்கள். ஜன்னலை இறக்கினேன். இப்போது அந்த வரைபடம் துறையின் வாசலில் தொங்குகிறது. நகல் இத்துடன் இருக்கிறது.

உன் தங்கை
யாங்டோல்


தோங்ரி
20 ஜூலை 2008

யாங்டோலுக்கு,

உன் படத்தைக் கூட்டத்தில் விரித்துக் காட்டினேன். ஊரே சிரித்தது. "மண் வீட்டுலேர்ந்து இப்பத்தான் வெளிய வந்தோம். உன் தங்கச்சி டெல்லி போய் மண்ணு படிச்சிட்டு வந்து மறுபடி உள்ள தள்ளுறாளே" என்றான் நவாங். படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் என் பெயர் சொல்ல இருப்பது அந்தக் கட்டடம் ஒன்றுதான். அதன் மேல் மண்ணை அப்ப விடமாட்டேன். கண்ணாடியை நாற்காலி உயரத்தில் போட்டாலும் சரி, நாய்க்குட்டி உயரத்தில் போட்டாலும் சரி, உன் வாத்தியார்களோடு வைத்துக்கொள்.

அங்சுக்


டெல்லி
11 ஆகஸ்ட் 2008

அச்சோ,

கோபமாக ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நவாங் சிரிக்கட்டும். டெல்லியில் முழுக்கக் கண்ணாடியால் கட்டிய அலுவலகங்களைப் பார்க்கிறேன். உள்ளே இருப்பவர்கள் வேகாமலிருக்க நாள் முழுக்க இயந்திரம் ஓடுகிறது. அதுவும் பெருமைக்குக் கட்டியதுதான். ஜனவரியில் அண்ணி எங்கே படுப்பாள்? அதை மட்டும் எழுது.

யாங்டோல்


தோங்ரி
12 பிப்ரவரி 2009

என் நோமோ, தங்கை யாங்டோலுக்கு,

உறைந்த ஆற்றின் மேல் லே நகருக்கு நடக்கிறவர்களிடம் இதைக் கொடுக்கிறேன். உன் கேள்விக்குப் பதில்: குன்சங் பிரசவ அறையில்தான் படுத்திருந்தாள். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

உனக்குப் பதில் போடக்கூடாது என்று வீம்பாகத்தான் இருந்தேன். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அறையைப் பார்க்கப் போனோம். வெளிச்சுவரைத் தொட்டால் சுட்டது. உள்ளே போனதும் குன்சங் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வெளிய வெயிலு சும்மா கெடக்குது, உள்ள நான் நடுங்குறேன். தங்கச்சி சொன்னதை நீ செய்யிறியா, இல்ல வயித்தைத் தூக்கிக்கிட்டு நானே மண்ணு மிதிக்கட்டுமா?" என்றாள். மறுநாளே ஆரம்பித்தேன். கண்ணாடி கடைசி லாரியில் வந்தது. தன் வீட்டுக்குக் காயவைத்திருந்த பச்சைக்கல்லை நவாங் கொண்டுவந்து இறக்கினான். "கிண்டல் பண்ணது வாயி, கை வேற" என்றான்.

யாங்டோல், குளிர்காலம் முழுக்க அறையை ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. தண்ணீர் உறையவில்லை. வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி. உள்ளே குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு அம்மணமாகக் கிடந்தது. ஜனவரியில் அப்படி ஒரு பிள்ளையை அம்மா பார்த்ததே இல்லை. போர்த்திவிட மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து எஞ்சினியர் யார் என்று கேட்டார்கள். என் தங்கை, நான் அவளுக்குக் கொத்தனார் என்றேன். நவாங் அவர்களை உள்ளே கூட்டிப்போய்த் தரையில் உட்காரவைத்து ஜன்னல் உயரத்தை விளக்கினான், ஏதோ தானே அளந்தவன் மாதிரி.

ஒரு குறை இருக்கிறது. மதியத்தில் நர்ஸ் பல்மோ என்னிடம் சண்டைக்கு வருகிறாள். "என்ன கட்டி வெச்சிருக்கீங்க அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும்? எனக்கு வேர்க்குது!" பிப்ரவரியில், ஜன்ஸ்காரில், ஒருத்திக்கு வேர்க்கிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது. அதுவரை அவள் திட்டுவதை நான் தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அண்ணன்
அங்சுக்