சந்தனப் பொட்டு வைத்த வாள்

மச்சான்,

இரண்டு தரம் சவக்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து கராம்பு எண்ணெய் மணம் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் சொதியிலும் அதே மணம். வாளுக்குப் பூசுகிற அந்த எண்ணெயை நீ எவ்வளவு திட்டியிருப்பாய்! "பல்லுக்கொதிக்குப் பூசிற சாமானை இரும்புக்குப் பூசிறாங்கள்" என்பாய். இன்று பூசியது உன் வீட்டு வாளுக்கு. பிளேஸ்டோவில் உன் வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

களைத்துப்போனேனடா. நீயும் நானும் வாள்களை மதிப்பிட்ட ஏலக்கடையின் நிலவறைப் படிகளில் ஏறி இறங்க முழங்கால் விடுவதில்லை. ஜப்பானோடு சண்டைக்குப் போன கிழவர்கள் சாகிறார்கள். பிள்ளைகள் பரணைத் துப்புரவாக்கி, போர்வையில் சுற்றிய ஜப்பானிய வாளை நம் மேசையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கதை மட்டும் மாறுவதேயில்லை: ஜப்பான் தோற்றபோது ஓர் அதிகாரி தலைகுனிந்து தன் கையாலேயே அப்பாவிடம் கொடுத்த வாள். "இவ்வளவு அதிகாரியளும் வாளைக் குடுத்துப்போட்டு நிண்டவங்களெண்டால் சண்டை பிடிச்சது ஆர்?" என்று நீ என் காதுக்குள் கேட்பாய். நான் சிரிப்பை அடக்கப் படுகிற பாட்டை அந்த மனிதர்கள் துக்கமென்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் கொண்டுவருகிறவற்றில் பல போர் முடிந்தபின் செய்தவை. பட்டறைகளில் மிஞ்சிக் கிடந்த பிடியையும் உறையையும் பொருத்தி, ஜப்பானில் வந்திறங்கிய வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கு நினைவுப் பொருளாக விற்றிருக்கிறார்கள். கூரே பிடிக்காத அலகு. அலகின் ஓரத்தில் நெருப்பில் வரவேண்டிய அலைக்கோட்டை அமிலத்தால் கீறியிருப்பார்கள். கடற்படைப் பிடிக்குத் தரைப்படை உறை. நீ பிடியைத் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாய். சொந்தக்காரரிடம் அதைச் சொல்கிற வேலையும் உன்னுடையதுதான். அவர்களை இருத்தி, தேநீர் கொடுத்து, மழுப்பாமல் சொல்லுவாய். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. நான் ஏலப் பட்டியலுக்கு விவரம் எழுதுகிறவன், அவ்வளவுதான்.

உன் அப்பாவின் கதையை மட்டும் நீயும் நானும் பகிடி பண்ணியதில்லை. மலாயா ரயில்வேயில் கணக்கு எழுதும் லிகிதராக இருந்தவர். அவருடைய தம்பியைச் சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். தம்பி திரும்பவில்லை. போர் முடிந்ததும் ஓர் அதிகாரி உன் அப்பாவின் முன் வந்து நின்று வாளைக் கொடுத்தானாம். ஓய்வுபெற்று உன்னிடம் லண்டனுக்கு வந்தபோதும் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் உருவிச் சந்தனப் பொட்டு வைப்பார். அவருக்குப் பிறகு நீ வைத்தாய். "ஒருக்கால் கொண்டுவாவன், பாப்பம்" என்று நான் கேட்கிற நேரமெல்லாம் "ஓம் ஓம், கொண்டுவாறன்" என்பாய். நீ கொண்டுவரவேயில்லை. வீட்டுச் சாமி அறைச் சாமான், வெளியே எடுக்க விருப்பமில்லையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாள்தான். இன்று உன் மகள் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில் பெட்சீற்றை விரித்து வாளை வைத்திருந்தாள்.

"மாமா, இது என்ன சாமானெண்டு புரொப்பரா எழுதித் தாங்கோ. என்ரை பிள்ளையள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

உருவினேன். அலகில் வரிசையாகக் கறுத்த வட்டங்கள். வருடாவருடம் பொட்டு வைத்த இடங்கள். சந்தனத்து ஈரம் ஊறி, அங்கெல்லாம் முலாம் கொப்பளித்து உரிந்திருந்தது. நெருப்பில் அடித்துச் செய்த அலகுக்கு எவன் முலாம் பூசுவான்? பிடியைக் கழற்றப் போனேன். அதைப் பிடித்துவைக்கிற மூங்கில் ஆணி பழையதல்ல. சைனீஸ் சாப்பாட்டோடு வருகிற குச்சியை வெட்டிச் சீவியது. ஆணி தொலைந்த வாளுக்கெல்லாம் நீ செய்கிற வேலை அது. அப்படியென்றால் நீ கழற்றிப் பார்த்திருக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு பூசைக்கும் பொட்டு வைத்திருக்கிறாய்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பப்பா சொன்னது உண்மையோ, மாமா?"

"ஓம் பிள்ளை. அதிகாரியின்ரை வாள்தான். சந்தேகமேயில்லை" என்றேன். நா கூசவில்லை, மச்சான். உனக்காக என்றால் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிரம்பிவிட்டது.

"நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவியளெண்டு அப்பா சொன்னவர்."

"என்னம்மா சொல்லுறாய்?"

"ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சொன்னவர். இது சண்டைக்குப் பிறகு கடையிலை வித்த சாமானாம். தன்ரை வாயாலை அதை ஒருத்தருக்கும் சொல்ல ஏலாமப் போச்சாம். 'அவன் எனக்காகப் பொய் சொல்லுவான். பிறகு அதையே நினைச்சு நித்திரை கொள்ளமாட்டான், விசரன். விடாதை, உள்ளதை எழுதுவி' எண்டவர்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சாகக் கிடக்கிறபோதும் என் நித்திரையைப் பற்றியா உனக்குக் கவலை? பிறகு அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன். அவள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்பப்பாவின்ரை தம்பி?" என்று மெல்லக் கேட்டாள்.

"அது உண்மை, பிள்ளை. அதிலை ஒரு பொய்யும் இல்லை."

"அப்ப நான் அவரைப் பற்றிச் சொல்லுறன்" என்றாள்.

வாளுக்கு எண்ணெய் பூசிவிட்டு எழுதிக் கொடுத்தேன். ஜப்பானிய வாள். போருக்குப் பின் நினைவுப் பொருளாகச் செய்யப்பட்டது. அலகின் முலாம் சந்தனத்தால் உரிந்துள்ளது. அவள் வாசித்துவிட்டு, வாளைத் துடைத்து, மறுபடியும் சாமி அறைக்கே கொண்டுபோய் வைத்தாள்.

இத்தனை பேரின் பிள்ளைகளுக்கு வாய் திறந்து சொன்ன உனக்கு, உன் பிள்ளையிடம் சொல்லக் கடைசிக் கட்டில் தேவைப்பட்டிருக்கிறது. என்னிடம் சொல்ல அப்போதும் உனக்கு ஏலவில்லை. நாளைக்கும் ஒருவர் வருகிறார், போர்வையில் சுற்றிக்கொண்டு. அவரை இருத்தித் தேநீர் கொடுத்து நான்தான் சொல்லவேண்டும். சொல்லுவேன். அந்த ஒரு பொய்யை என் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாய். நீ இல்லை என்கிறதை யார் வந்து இறக்குவது, மச்சான்?