பக்கத்து கேலக்ஸியின் தூரம்

என் செல்ல செலின் அக்காவுக்கு,

போய்ச் சேர்ந்தவளுக்கு ஒருத்தி கடிதம் எழுதுகிறாளே, புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று ஊர் பேசும். பேசட்டும். நீ பாதியில் விட்டுப்போன ஆராய்ச்சியை இப்போது நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாரிடம் போய்ப் புலம்ப?

அமராவதிபுதூர் வீட்டில், நீ படுத்திருந்த அறையில்தான் என் கம்ப்யூட்டர். சில நேரம் முதுகுக்குப் பின்னால் நீ தொண்டையைச் செருமுவது கேட்கிறது. நான் திரும்புவதில்லை. பயமாக இருக்கிறது, அக்கா.

நீ சொன்னதுதான் சரி. நமக்குப் பக்கத்து வானத்தில், இன்னும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் கேலக்ஸிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளியே இருக்கின்றன. பிறப்பு நின்றுபோனவைதான் நெருக்கியடித்துக் கூட்டமாகக் கிடக்கின்றன. அடிப்பாவி, இருந்து பார்த்திருக்கக் கூடாதா?

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. உனக்குத் தெரிந்ததுதான், இந்தக் கடிதம் வேறு யார் கண்ணிலாவது பட்டால் புரியட்டும் என்று சொல்கிறேன். கேலக்ஸியின் ஒளியை வாங்கித்தான் அதன் தூரத்தைக் கணிக்கிறோம்; ஆனால் தொலைநோக்கியில் அந்த ஒளி வாங்கும் இழைகளை ரொம்ப ஒட்டிச் செருக முடியாது. அதனால் அருகருகே தெரியும் இரண்டு கேலக்ஸிகளில் சிலசமயம் ஒன்றுக்குத்தான் தூரம் கிடைக்கும். கிடைக்காததற்குப் பக்கத்திலிருப்பதன் தூரத்தையே கொடுத்துவிடுவது நம் தொழிலில் உள்ள வழக்கம். பல நேரம் சரியாக வரும். சில நேரம் அது எங்கேயோ வெகு பின்னால் கிடக்கும், நாம் இரண்டையும் கூடப்பிறந்தவை என்று நம்பி ஏமாந்திருப்போம்.

அம்மாவும் அதைத்தான் செய்கிறாள். அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. உன்னைக் காணோம், நான் பக்கத்தில் இருக்கிறேன். உன் இடத்தைத் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டாள்.

"செலினு, மாத்திரை போட்டியா? இங்குட்டு வா, காய்ச்சல் இருக்கான்னு பாக்குறேன்."

"செலின் செத்துப்போச்சும்மா! நான் ரீட்டா!" என்று எரிந்து விழுந்தேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மறந்துபோய் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். அப்போதுதான் சேதி வந்ததுபோல் மறுபடி அதே அழுகை.

எதிர்வீட்டு லூர்து சித்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தது. "ஏத்தா, தெனம் ஒரு சாவா? ஆமா, செலினுதான்னு சொல்லிட்டுப் போயேன்."

அன்றிலிருந்து நான்தான் நீ. உன்னைப்போல் இழுத்து இழுத்துப் பேசுகிறேன். அம்மா சிரிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நேற்று சாப்பாட்டுக்கு நடுவில் அம்மாவின் கை அப்படியே நின்றது. "ரீட்டா எங்கடி? எட்டியே பாக்க மாட்டேங்குறா. செத்துகித்துப் போயிட்டாளா? எங்கிட்ட மறைக்கிறீகளா?"

"வருவாம்மா" என்றேன். உன் குரலில்தான் வந்தது.

மறுபடி அளந்ததில் விட்டுப்போன தூரங்களும் கிடைத்த வான்பகுதிகளை வைத்து, நம் ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்த பிழையைத் திருத்திவிட்டேன். வீட்டில் திருத்தமாட்டேன், அக்கா. அம்மா கண்மூடும்வரை நீ சாகமாட்டாய், இது சத்தியம். அதுவரை நீயாவது என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடு. திரும்பிப் பார்க்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரீட்டா