மூன்று கோயில் நடையும் பந்தல் சாப்பாடும்

அன்பு மகன் அருள்செல்வனுக்கு, ஆண்டவர் துணையோடு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால்கூட நலம், போலந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு நதியா இதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கிலிருந்து மூன்று பழைய கிராமத்து மாதா கோயில்களுக்கு நடந்து போனோம். மேடு பள்ளமே இல்லீங்க, பாட்டுப் பாடிக்கிட்டே போயிரலாமுங்க என்று பாதர் சொன்னது உண்மைதான், வாய்க்கால் கரையோடு நிழலாகவே போகிறது பாதை. முதல் கோயில் சீமை ஓடு போட்டது, வெள்ளைக்காரச் சாமியார் காலத்து மணி, நான் இழுத்த இழுப்பில் புறாவெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி பாதரின் வெள்ளை அங்கியைப் பாழாக்கிவிட்டன, எனக்கு ஜெபமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இரண்டாவது கோயில் ரொம்பச் சின்னது, சுண்ணாம்புச் சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. அங்கே மெழுகுதிரி ஏற்றி நான் என்ன கேட்டிருப்பேன் என்று உனக்கே தெரியும். நீயும் உன்னோடு கம்பெனியில் வேலை பார்த்த சண்முகப்பிரியாவும் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்ன ஆடி மாதத்திலிருந்து அப்பா உன் போனை எடுப்பதில்லை. அவருக்கு அந்தப் பெண் மேல் கோபமில்லை கண்ணு. அவங்க பெரிய தறிக்காரக் குடும்பம், அடுத்தவங்க காட்டுல கூலிக்குப் போன நம்மள சமமா உக்கார வெச்சுச் சோறு போடுவாங்களா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். வெளியே கோபம், உள்ளே பயம். அந்தப் பயத்தை எடுத்துவிடு தாயே என்றுதான் கேட்டேன்.

கேட்டுவிட்டுத் திரும்பினால் கூட வந்த அப்பாவைக் காணோம். வழியில் யாரோ கட்டியிருந்த மயிலைக் காளையைப் பார்த்து நின்றுவிட்டாராம். பிறகு அவசரமாக வந்து முக்கு டீக்கடையில், ஏனுங்க, கோயிலுக்கு நடந்து போறவங்க எந்தப் பக்கம் போனாங்க என்று கேட்டிருக்கிறார். தை மாதத்தில் அந்த ரோட்டில் அப்படிக் கேட்டால் யார்தான் மாதா கோயிலைச் சொல்வார்கள், டீக்கடைக்காரர் பழனிக்குப் போகிற கூட்டத்தைக் காட்டிவிட்டார், இவரும் வேகு வேகென்று போய் அதில் சேர்ந்துவிட்டார். காவடியைப் பார்த்துமா தெரியவில்லை என்று கேட்டால், நம்ம ஆளுங்க முன்னால போறாங்கன்னு நெனச்சேன் என்கிறார். எத்தனை தடவை அடித்தாலும் போனை எடுக்கவில்லை, நான் விசாரித்துக்கொண்டே தேடிப் போனால் அன்னதானப் பந்தலில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சாம்பார் வாளியோடு குனிந்து, இன்னுங் கொஞ்சம் போடறனுங்க சாமி என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா, பிரியாவின் அப்பா அர்த்தநாரி! பிரியா அனுப்பிய போட்டோவில் பார்த்த அதே முகம். அவர்கள் குடும்பம் வருஷா வருஷம் போடுகிற பந்தலாம் அது.

அப்பாவுக்கு அது யாரென்றே தெரியாது. பையன் என்ன பண்றானுங்க என்று அவர் கேட்க, இவர் இடது கையால் போனைத் திறந்து காட்டினார். உன் போனை எடுக்காத மனிதர் திறந்ததும் உன் முகம் வருகிற மாதிரி வைத்திருக்கிறார், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிரியா அவர்களுக்கும் உன் போட்டோவைக் காட்டியிருக்கிறாள் போல, அர்த்தநாரி போனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சித்ரா, இங்க வாம்மா என்று கத்தினார். பிரியாவின் அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். சம்பந்தம் பேசி முடிக்காமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்களே, இவரோ மூன்றாவது முறை சோறு வாங்கியிருக்கிறார். சம்பந்தி கை நனைச்சுட்டாருங்க, இனிப் பேசறதுக்கு என்ன இருக்குதுங்க என்று அந்த அம்மா சொல்ல, பந்தலே சிரித்தது. அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாரோ என்று நினைத்தேன். இலையில் மிச்சமிருந்த சோற்றைக் குவித்து நடுவில் குழி பண்ணினார். பிறகு தலை நிமிராமல், ரசம் இருக்குதுங்களா என்று கேட்டார்.

அர்த்தநாரி ஊற்றிய ரசத்தில் பாதி தரையில்தான் போனது, அவர் கண் இலையில் இல்லை, அப்பா முகத்தில்தான் இருந்தது. நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. அப்புறம் அவர்கள் இருவரும் எங்களோடு மூன்றாவது கோயிலுக்கு நடந்தே வந்தார்கள், நெற்றியில் திருநீறோடு ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றினார்கள். அந்தக் கோயில் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதே, நான் எங்கே அதைப் பார்த்தேன்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், பந்தல் போட வைத்ததற்காக முருகனையும் சேர்த்துக்கொள்கிறேன், பாதரிடம் சொல்லிவிடாதே. தவக்காலம் முடிந்ததும் கல்யாணம், லீவுக்கு இப்போதே சொல்லி வை, வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, அப்பாவுக்குப் பண்ணு. சட்டை மாற்றி, தலை சீவி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முத்தங்களோடு உன் அம்மா,
விஜயகுமாரி