தண்ணீர்க் கொடி

பாம்பூஃப்ளாட், 1963

அன்புள்ள சுசீலாவுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானே?

இந்தத் தீவுக் காட்டில் என்னோடு மரம் வெட்டும் சிலுவைராஜை நினைத்தாலே வயிறு எரிகிறது. எதைக் கண்டாலும் வெட்கமில்லாமல், "தெரியாது பாய், சொல்லிக் கொடு" என்று ராஞ்சியிலிருந்து கூலிக்கு வந்த, காடு தெரிந்த ஆட்களிடம் இந்தியில் கேட்கிறான். அவர்களுக்கும் அவன்தான் செல்லம்.

நேற்று காட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ராஞ்சிக்காரர் ஒருவர் ஒரு கொடியைக் காட்டி, "இது தெரியுமா?" என்றார். கௌரவத்துக்கு நான் தெரியும் என்றேன். சிலுவைராஜ் தெரியாது என்றான். அவர் அதை வெட்டி அவன் வாயில் பிடித்தார், தண்ணீராகக் கொட்டியது! தெரிந்தவன்தானே என்று என்னை விட்டுவிட்டார். நானாக வெட்டிய கொடிகளில் சொட்டுக்கூட வரவில்லை. பயப்படாதே, தொண்டை காய்ந்ததோடு சரி.

தபால் கொண்டு போகும் கப்பல் புறப்படப் போகிறது. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. எப்படிப் போடுவது என்று சிலுவைராஜ் கட்டாயம் கேட்பான். இத்தனை வருஷம் தின்றும் உன்னிடம் நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியாது சுசீலா, சொல்லிக் கொடு.

கோவிந்தராஜ்