என் கார் நின்ற இடம்

செப்டம்பர் 8

நாளிதழில் என் பத்தி அச்சேறியது. இந்தப் பருவத்தில் அட்லாண்டிக்கில் பெயர் வாங்கிய புயல்கள் இதுவரை பதினாறு. 2005 முழுக்க இருபத்தெட்டு, 2020-இல் முப்பது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மிரள வேண்டாம் என்று எழுதினேன். 1933-இல் தெரிந்தவை இருபதுதான். நடுக்கடலில் ஒரு நாள் சுற்றிவிட்டு அடங்கியவற்றைச் செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் யார் எண்ணினார்கள்? இந்த ஆண்டுப் பெயர்களில் பாதி அந்த ரகம்.

ஒரு வரிகூடத் தவறில்லை.

செப்டம்பர் 9

கால்வாயின் அக்கரையில் வசிக்கும் இறால் படகுக்காரர் வெர்லின் என்னைப் பாலத்தில் மறித்தார். "நல்லா எழுதியிருக்கே, ரோமி. என் பொண்டாட்டி ஜூன்லேர்ந்து மூட்டை கட்டி வெச்சிருந்தா. படிச்சுக் காட்டினேன். டோரின் எல்லாத்தையும் பிரிச்சுட்டா."

பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 14

பதினேழாவது புயல் எங்கள் லூசியானாவை நோக்கி வருகிறது. காற்று பெரிதில்லை, ஆனால் மெதுவாக நகர்கிறது, கடலைத் தள்ளிக்கொண்டு வரும். காரில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். மற்றவர்கள் படகுகளைக் கால்வாயில் மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். வெர்லினுடையது அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. இறங்கிச் சொல்லியிருக்கலாம். என்னவென்று — நான் எழுதியதை நம்பாதீர்கள் என்றா? டிவியில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

கையசைத்தேன். அவரும் அசைத்தார்.

செப்டம்பர் 17

அக்கா வீடு. வெர்லின் வீட்டு ஃபோனுக்கு அழைப்பு போகவில்லை.

செப்டம்பர் 20

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததும் வெர்லினும் டோரினும் பரணில் ஏறித் தப்பியிருக்கிறார்கள். ஏறும்போது டோரினுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எண்ணிக்கை சரிதான், வெர்லின்," என்று ஆரம்பித்தேன். ச்சே, என்ன வாய் இது எனக்கு?

"உன் எண்ணிக்கையை எவன் கேட்டான்? அன்னிக்குக் கார்ல பெட்டி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"கையை ஆட்டினியே. நீ ஏதோ மார்க்கெட்டுக்குப் போறேன்னு நெனச்சேன்."

டோரினின் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "இனிமே உன் எழுத்து வேணாம். உன் கார் எங்க நிக்குதுன்னு பாத்துக்கறேன்."

செப்டம்பர் 29

புயல்கள் பத்தொன்பது ஆகிவிட்டன. 1933-ஐத் தாண்டுமா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். பத்தி அனுப்பவில்லை.

அக்டோபர் 10

இருபதாவது புயல் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. விடிந்ததும் பாலம் தாண்டி, அவர்கள் இப்போது தங்கியிருக்கும் டிரெய்லர் வீட்டின் முன்னால், கடலை விட்டு வடக்கே பார்க்கக் காரை நிறுத்தினேன். பெட்டிகள் தெரியும்படி பின்கதவைத் திறந்து வைத்தேன். ஹாரன் அடிக்கவில்லை.

வெர்லின் எட்டிப் பார்த்தார். டோரினின் தலையணையைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தார். அவளைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு படகை மேலே கொண்டுபோகக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

டோரின் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டை மாட்டி விடு. என்னால குனிய முடியாது."